முதலில் மழலை, பிறகு மோடம்: ஹவாய் மொழி மீண்ட கதை

1980களின் தொடக்கத்தில் ஹவாய் மொழியைச் சரளமாகப் பேசிய சிறுவர் சிறுமியர் ஐம்பது பேர்கூட இல்லை என்று கணக்கிட்டார்கள். நீஹாவு என்ற சிறு தீவு மட்டுமே விதிவிலக்கு. இன்று மழலையர் வகுப்பு முதல் முனைவர் பட்டம் வரை அந்த மொழியிலேயே படிக்க வழி இருக்கிறது. கணினியும் இணையமும்தான் இதைச் சாதித்தன என்று சொல்லிவிடுவது எளிது. நடந்த வரிசை வேறு.

ஹவாய் மக்கள் எழுத்தறிவில் பின்தங்கியவர்கள் அல்லர். மவுயி தீவின் லஹைனாலுனா பள்ளியில் 1834இல் அச்சான இதழ்தான் அவர்கள் மொழியின் முதல் செய்தித்தாள். அது முதல் 1948 வரை நூற்றுக்கும் மேற்பட்ட இதழ்கள் வெளிவந்தன. 1893இல் அரசி லிலியுவோகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. தாய்மொழியில் பேசியதற்காக அடிவாங்கிய பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானபோது, தங்கள் குழந்தைகளிடம் ஆங்கிலத்திலேயே பேசினார்கள்.

மீளும் வழி நியூசிலாந்திலிருந்து வந்தது. அங்கே மாவோரி மக்கள் 1982இல் 'கோஹங்கா ரேயோ' என்ற மழலையர் பள்ளிகளைத் தொடங்கியிருந்தார்கள். பாட்டி தாத்தாக்கள் குழந்தைகளோடு நாள் முழுவதும் மாவோரியிலேயே பேசுவதுதான் பாடம். அந்த முயற்சியைப் பற்றி மாவோரி அறிஞர் தீமோட்டி காரெட்டு சொல்லக் கேட்ட ஹவாய் ஆசிரியர்கள் 1983இல் 'பூனானா லியோ' அமைப்பை நிறுவினார்கள். அடுத்த ஆண்டு முதல் பள்ளி திறந்தது. ஆங்கிலம்தான் பயிற்றுமொழி என்ற பழைய விதி அப்போதும் சட்டத்தில் இருந்தது. பெற்றோர் விடாமல் போராடி 1986இல் அதை நீக்க வைத்தார்கள். 1987இல் அரசுப் பள்ளிகளிலும் ஹவாய்வழி வகுப்புகள் தொடங்கின.

இதற்குப் பிறகுதான் கணினி வருகிறது. பிள்ளைகள் பேசினார்கள், ஆனால் யாரோடு பேசுவது? வகுப்புகள் சிலவே, அவையும் வெவ்வேறு தீவுகளில் சிதறியிருந்தன. வெளியே கடை, தொலைக்காட்சி, விளையாட்டு எல்லாம் ஆங்கிலம். ஹீலோ நகரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கேயோலா டானகி முதலியோர் 1994இல் 'லியோக்கி' என்ற கணினி வலையமைப்பைத் தொடங்கினார்கள். தொலைபேசி இணைப்பும் மோடமும் இருந்தால் போதும்: மின்னஞ்சல், அரட்டை, விவாத அரங்கு, புதிய சொற்களின் பட்டியல் எல்லாம் கிடைத்தன. பட்டியல்களும் பொத்தான்களும்கூட ஹவாய் மொழியில்தான். ஒரு தீவின் மாணவி எழுதியதற்கு இன்னொரு தீவின் மாணவன் பதில் எழுதினான். ஆசிரியர் மதிப்பெண் போடுவார் என்பதற்காக அல்ல, சொல்வதற்கு விஷயம் இருந்ததால். மொழி கற்பித்தலில் தொழில்நுட்பம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்று நான் கருதுகிறேன். பாடத்தைக் கொண்டுவந்து கொடுத்ததைவிட, பேச ஆள் தேடிக் கொடுத்ததே முக்கியம்.

எழுத்தும் ஒரு தடையாக இருந்தது. ஹவாய் மொழிக்கு எழுத்துகள் பதின்மூன்றுதான். அவற்றுள் ஒன்றான குரல்வளைத் தடையொலியின் குறியும், நெட்டுயிர்களின் மேல் இடும் கோடும் அன்றைய கணினிகளில் இல்லை. தனி எழுத்துருக்களை அவர்களே உருவாக்கிக்கொண்டார்கள். ஒருங்குறிக்கு முந்தைய காலத்தில் தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்கு அந்தப் பாடு புரியும். 2002இல்தான் ஆப்பிள் தன் மேக் இயங்குதளத்தில் ஹவாய் விசைப்பலகையைச் சேர்த்தது.

பழைய செய்தித்தாள்களை மீட்ட பணியில் உலகமே கைகொடுத்தது. மங்கிய அச்சைக் கணினியால் சரியாகப் படிக்க முடியவில்லை. மனிதர்கள்தான் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. பேராசிரியர் புவாகேயா நோகல்மையர் 2011 நவம்பரில் அழைப்பு விடுத்தார். அறுபதாயிரம் பக்கங்கள் என்பது இலக்கு. மொழி தெரியாதவரும் எழுத்தைப் பார்த்து அடிக்கலாம் என்பதால் ஹவாய்க்கு வெளியிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். இலக்கு முழுதாக எட்டப்படவில்லை. ஆனால் தட்டச்சான ஒவ்வொரு பக்கமும் தேடிப் படிக்கக் கூடியதாகிவிட்டது. பாட்டன் காலத்து மீன்பிடிப்பு, மருத்துவம், வானிலை பற்றிய எழுத்துகள் அவற்றில் இருக்கின்றன.

2018 அக்டோபரில் டுவோலிங்கோ செயலியிலும் ஹவாய்ப் பாடம் வந்தது. உலகில் எந்த மூலையில் இருப்பவரும் இலவசமாகத் தொடங்கலாம். நல்லதுதான். சொற்களும் சிறு வாக்கியங்களும் அதில் பழகும். குழந்தை அழும்போது என்ன சொல்லித் தேற்றுவது, பெரியவர் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது என்பதெல்லாம் பேசும் வீட்டிலும் வகுப்பிலும்தான் வரும். அதனால்தான் பூனானா லியோவில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோரும் மொழி வகுப்புக்கு வர வேண்டும், பள்ளி வேலைகளில் தோள்கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. மொழியைக் காக்க நினைக்கும் எந்தச் சமூகமும் செயலிக்குப் பணம் ஒதுக்கும் முன் இந்த நிபந்தனையை எடுத்துக்கொள்ள வேண்டும்.