குந்துமணித் தங்கம்

“குந்துமணித் தங்கம்கூட இல்லாத வீடு” என்று நம் தோட்டங்களில் பேசுவதுண்டு. வறுமையைச் சொல்ல இதைவிடச் சுருக்கமான பேச்சு இல்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குள் வேறொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. விலையுயர்ந்த தங்கத்தை நிறுக்க நம் முன்னோர் தேர்ந்தெடுத்தது, வேலியோரக் கொடியில் காய்க்கும் ஒரு சிறு விதையை! அளவு மாத்திரம் அப்படி வந்ததன்று. நகையின் உருவமும் பெயரும்கூட வீட்டைச் சுற்றி இருந்தவற்றிலிருந்தே வந்தன.

எண்ணிப் பாருங்கள். மாங்காய் மாலை, மல்லிமொட்டு மாலை, நெல்மணி மாலை, மிளகுச் சங்கிலி, கோதுமைச் சங்கிலி. கொல்லையும் வயலும் அடுப்படியும் சேர்ந்து கழுத்தில் ஏறியிருக்கின்றன. பெண் குழந்தைக்கு அரையில் கட்டிய வெள்ளி அரைமூடி அரச இலையின் வடிவம். காதில் போடும் தோடு முதலில் பொன்னே அன்று. பனையோலையைச் சுருட்டிச் செருகிக்கொண்டதுதான் தோடு. காதோலை என்ற பெயர் அதற்குச் சாட்சி. பிற்பாடு அந்த ஓலைச் சுருளையே பொன்னில் செய்தார் ஒரு கைவினைஞர். அவருக்கு வழிகாட்ட எந்தப் புத்தகமும் இருந்திருக்காது. கண் இருந்தது, கை இருந்தது.

அந்தக் கண்ணையும் கையையும் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

மஞ்சாடி தெரியுமா?

பள்ளிக்கூடத் திடலிலும் தோட்டத்துச் சாலையோரத்திலும் சாகா மரம் நிற்கிறதே, அதன் விதையைப் பொறுக்காத குழந்தை இந்நாட்டில் உண்டா? பளபளவென்று முழுச் சிவப்பாக இருக்கும் அந்த விதைதான் தமிழில் மஞ்சாடி. நான்கு மஞ்சாடி ஏறக்குறைய ஒரு கிராம் நிற்கும். பத்தர்களின் பழைய கணக்கில் இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. ஆகவே எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுனுக்கு 32 மஞ்சாடி, அல்லது 64 குன்றிமணி. குந்துமணி என்று நாம் பேச்சில் சொல்வது இந்தக் குன்றிமணியைத்தான்.

தாய்மார்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. சிவப்பு விதையில் கறுப்புக் கண் இருந்தால் அது குன்றிமணி. அதற்குள் கொடிய நஞ்சு இருக்கிறது. மேல்தோடு உடையாதவரை ஆபத்துக் குறைவு. துளையிட்டாலோ கடித்து மென்றாலோ உயிருக்கே ஆபத்து. பிள்ளைகள் மாலை கோக்க மஞ்சாடியைக் கொடுங்கள். குன்றிமணி வேண்டவே வேண்டாம்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு பட்டறை

எங்கள் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் ஒரு சிறு பட்டணம். அங்கே கடை வரிசையொன்றில், மாடிப்படிக்குக் கீழே, மூன்று பாய் விரிக்கும் அளவுக்கு ஓர் இடம். அதுதான் பத்தரின் பட்டறை. எழுபதைத் தாண்டியவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தகப்பனார் இராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். பத்தர் தம் பதின்மூன்றாம் வயதில், 1965-இல், அவரிடம் உட்கார்ந்து ஊதுகுழலைப் பிடித்தார்.

காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கிறது. சாமிபடத்துக்கு விளக்கு. பிறகு தரையைக் கூட்டுகிறார். கூட்டிய மண்ணை எறிவதில்லை. ஒரு டின்னில் சேர்க்கிறார். அரம் ராவும்போது சிந்திய பொன்தூள் அதில் இருக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை கழுவி அரித்து எடுப்பார்.

நான் போன அன்று ஒரு ஜோடி ஜிமிக்கி செய்துகொண்டிருந்தார். மெல்லிய தகட்டைக் குழியுள்ள பித்தளை அச்சில் வைத்துத் தட்டித் தட்டிக் குடையாக்கினார். பிறகு விளிம்புக்கு வேண்டிய ரவை. கம்பியைக் கடுகளவு துண்டுகளாக நறுக்கிக் கரித்தூளில் பரப்பிச் சூடு காட்டினார். ஒவ்வொரு துண்டும் உருகித் தானாகவே உருண்டையாகத் திரண்டது! அவற்றைச் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து, வெங்காரம் தொட்டு, விளிம்பில் வரிசை வைத்துப் பொடியிட்டு ஊதினார். தீ ஒரு கணம் கூடினால் ரவையும் தகடும் சேர்ந்து உருகிவிடும். குறைந்தால் ஒட்டாது. “பொடி வைத்துப் பேசுகிறான்” என்கிறோமே, அந்தப் பேச்சு இந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்று சொல்லிச் சிரித்தார்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உளி ஒரு வெட்டுக்குச் சீவ வேண்டியது ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்தில் காயம். கைதான் அளவுகோல். பத்தரின் ஊதுகுழலும் நம்மவர் உளியும் ஒரே பள்ளியில் படித்தவை என்றே எனக்குத் தோன்றியது.

புது வேலைக்கு யோசனை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். வெளியே கையைக் காட்டினார். தகரக் கூரை விளிம்பில், மழை விட்ட பிறகு, துளிகள் ஒரே இடைவெளியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஜிமிக்கி முத்துக்கு இடைவெளி எவ்வளவு என்பதை அங்கே பார்த்துக்கொள்வாராம். செம்பனைக் குலையில் காய்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு கம்மல் செய்திருக்கிறார். தாதியாக வேலை பார்க்கும் ஒரு பெண், முப்பது வருடம் மரம் வெட்டிய தன் தாயாருக்காகப் பதக்கம் கேட்டு வந்தாராம். பத்தர் செய்துகொடுத்தது ரப்பர் இலை. ஒரே காம்பில் மூன்று இலை, அப்படியே நரம்போடு. வாங்கிய அந்த அம்மாள் நெடுநேரம் பேசவில்லையாம். “கடையிலே ரோஜாப்பூ இருக்கு, அன்னப்பட்சி இருக்கு. அந்தம்மா வாழ்க்கையிலே ரோஜா எங்கே டீச்சர் இருந்திச்சு?” என்றார்.

சம்பள நாளும் அடகுச் சீட்டும்

நம் மக்களுக்குத் தங்கத்தின் மேல் ஆசை அதிகம் என்று பட்டணத்தார் சிலர் குறை சொல்வதுண்டு. ஆசை என்பது பாதி உண்மை. லயத்து வீடு நம்முடையதன்று. வேலை போனால் வீடும் போகும். நிலம் கிடையாது. வங்கி இருந்தது பட்டணத்தில். கையில் எடுத்துக்கொண்டு நடக்கக்கூடிய சேமிப்பு ஒன்றுதான், அது காதிலும் கழுத்திலும் இருந்தது. சம்பள நாளில் பத்தரின் தகப்பனார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போவார். மாதாமாதம் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று வாங்கிக் குறித்துக்கொண்டு, தொகை சேர்ந்ததும் தோடோ மூக்குத்தியோ செய்து கொடுப்பார்.

அந்த நகைதான் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் மழைக்கால அரிசிக்கும் அடகுக்கடை ஏறி இறங்கியது. தோடு அடகில் இருக்கும்போது காதுத் துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்ட பாட்டிமார்களையும், தாலியைக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்ட தாய்மார்களையும் நம் குடும்பங்கள் மறந்திருக்காது.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடல் வந்தது. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாயிற்று. பெர்மிட் கிடைக்காமல் ஊர் திரும்பியவர்கள் ஆயிரமாயிரம் பேர். கப்பல் செலவுக்காக அவர்கள் கொண்டுவந்த நகைகளைத் தகப்பனார் நிறுத்து, உருக்கி, பணம் கொடுத்தார். அப்போது பத்தருக்குப் பதினேழு வயது. தகப்பனார் மூசையில் போடும் முன், ஒவ்வொரு நகையையும் ஒரு பள்ளி அப்பியாசப் புத்தகத்தில் வரைய ஆரம்பித்தார். ஏன் வரைகிறாய் என்று தகப்பனார் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லையாம். கை தானாகப் போயிற்றாம்.

இன்று அப்படி நான்கு புத்தகங்கள் இருக்கின்றன. பாம்படம், தண்டட்டி, அட்டிகை, ஜடைபில்லை. பக்கத்துக்கு ஒரு நகை. கீழே எடை, கொண்டுவந்தவரின் தோட்டத்துப் பெயர், தேதி. அவற்றில் சில தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகள். நகையும் இல்லை, தோட்டமும் இல்லை. பென்சில் கோடு இருக்கிறது.

கையா, இயந்திரமா?

இயந்திர நகையைப் பத்தர் பழிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அது எடை குறைவு, விலை நிதானம், ஒன்றுபோல் ஒன்று. 916 என்ற முத்திரைக்கு ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்று பொருள், அதாவது 22 காரட். அந்தக் கணக்குச் சுத்தமானது.

பழைய கைவேலை நகையில் ஒட்டவைத்த பொடியில் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும். கலந்தால்தான் அது நகைக்கு முன்னால் உருகி ஒட்டும். அதனால் உருக்கிப் பார்க்கும்போது மாற்றுக் குறையும். தட்டான் தாயின் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்ற பழிச்சொல்லுக்கு இதுவும் ஒரு காரணம். எடுத்தவர்களும் இருந்திருக்கலாம், எடுக்காதவர்கள் தலையிலும் அந்தப் பழி விழுந்தது.

இனி, நமக்கு வேண்டிய கணக்கு இது. பழைய நகையைக் கடையில் மாற்றும்போது தங்கத்துக்கு மட்டுமே விலை. கல்லின் எடையும் உள்ளே இருக்கும் அரக்கின் எடையும் கழியும். பொடியால் மாற்றுக் குறையும். கைவேலைக்கு ஒரு காசும் இல்லை. புது நகைக்கோ செய்கூலி, சேதாரம் இரண்டும் கொடுக்கிறோம். இப்படி இரண்டு பக்கமும் நட்டப்பட்டு வாங்கி வரும் நகையை, பக்கத்து வீட்டுப் பெண்ணும் போட்டிருப்பாள்!

அதற்காக உருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சென்ற வருடம் ஒரு தாயார், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பாட்டியின் அட்டிகையைப் பத்தரிடம் கொண்டுவந்தாராம். பத்தர் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. பிள்ளை படிக்கத்தானே பாட்டி சேர்த்து வைத்தார்! புத்தகத்தை எடுத்து வரைந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்து மகள் கையில் கொடுத்து, “வேலைக்குப் போனதும் கொண்டு வாம்மா. நான் இருந்தால் நான் செய்றேன், இல்லாட்டி யாராச்சும் செய்வாங்க” என்றாராம்.

யாராச்சும் என்பதுதான் கேள்வி. பத்தரின் மகன் தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருக்கிறார். பட்டறையில் இரண்டாவது பலகை காலியாக இருக்கிறது. மலாக்காவில் ஜாலான் துக்காங் எமாஸ் என்று ஒரு தெரு உண்டு. துக்காங் எமாஸ் என்றால் பொற்கொல்லர். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. தொழில் போனபின் தெருவுக்குப் பெயர் மட்டும் மிஞ்சுவது நமக்குப் போதுமா?

நாம் செய்யக்கூடியது

பெரிய காரியம் எதுவும் வேண்டியதில்லை. வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய நகையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுங்கள். யாருடையது, எந்தத் தோட்டத்தில் இருந்தபோது செய்தது, எந்தச் சம்பளத்தில் என்று பாட்டியைக் கேளுங்கள். பிள்ளைகளை விட்டு வரையச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்தாலும் சரி. கேட்டதைக் கூடவே எழுதி வையுங்கள். அறுந்ததையும் ஆணி கழன்றதையும் மாற்றுவதற்கு முன், பழுது பார்க்கும் பத்தர் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

கைத்திறன் உள்ள பெண் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் மஞ்சாடியும் ரப்பர் கொட்டையும் நூலும் கொடுத்துப் பாருங்கள். ரப்பர் கொட்டையின் மேல் இருக்கும் பழுப்புக் கோலம் ஒன்றுபோல் மற்றொன்று இராது. அதைப் பார்த்து வியக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தொழிலில் பாதி வந்துவிட்டது. பொன் வைக்கிற இடத்தில் பூ வைத்தாலும் போதும் என்பார்கள். விதை வைத்தாலும் போதும்தான். வைக்கத் தெரிந்த கை வேண்டும்.