ஞாயிறு பதிப்பு கைவிட்ட வாசகர்

மலேசியத் தமிழரிடையே வாசிப்பு அருகிவிட்டது என்ற குறை கிள்ளான் பள்ளத்தாக்கில் அடிக்கடி கேட்கப்படுவதெனினும், கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு வரும் காலை நேரக் கொமுட்டர் ரயிலைக் கவனிப்பவர் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்த செய்தி, முகநூல் பதிவு, யாரோ அனுப்பிய மருத்துவக் குறிப்பு எனப் பயணிகளின் கட்டைவிரலுக்குக் கீழே எழுத்து ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஒரே பக்கத்தைப் பலரும் ஒரே நாளில் படித்து, அதைப் பற்றிப் பேசிக்கொண்ட வழக்கமே அருகியிருக்கிறது.

அவ்வழக்கத்தை வளர்த்தவை நாளிதழ்கள், குறிப்பாக அவற்றின் ஞாயிறு பதிப்புகள். சிறுகதை, கவிதை, வாசகர் கடிதம் ஆகியவற்றைத் தாங்கிவந்த அப்பதிப்புகள் தோட்டப்புறங்களில் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன. 1924இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட தமிழ் நேசன், 1950ஆம் ஆண்டுவாக்கில் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகியோரைக் கொண்டு 'கதை வகுப்பு' என்ற பகுதியை நடத்தி, படிப்பவரைப் படைப்பவராக்க முயன்றது. மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வளர்ச்சியைப் பேசுவோர் இவ்வகுப்பைத் தவிர்த்துப் பேசுவது அரிது. அந்நாளிதழ் 2019இன் தொடக்கத்தில் நின்றுபோனது.

தமிழைத் திரைக்குக் கொண்டுசேர்த்ததில் மலேசியாவுக்கே பெரும்பங்குண்டு என்பதை இங்கே நினைவுகூரலாம். முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கிய முரசு மென்பொருளும், 2005இல் வெளிவந்த செல்லினமும் முறையே கணினியிலும் கைப்பேசியிலும் தமிழை எழுதவைத்தன. ஒவ்வோர் இணையத்தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்த குழப்பத்தை, ஒவ்வோர் எழுத்துக்கும் உலகெங்கும் ஒரே எண்ணை வழங்கும் யூனிகோடு முறை தீர்த்துவைத்தது. 2007இல் அச்சிதழாகத் தொடங்கிய வல்லினம், ஓரிரு ஆண்டுகளிலேயே இணைய இதழாக மாறவும் இவ்வசதி உதவியது.

திரையில் படிப்பது மனத்தில் தங்குமா என்ற ஐயத்திற்கு ஓரளவு விடை இருக்கிறது. 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஓர் அலசல், தகவல் தரும் உரைகளைத் தாளில் படித்தோரே நன்கு புரிந்துகொண்டனர் என்றும், நேர நெருக்கடியில் அவ்வேறுபாடு கூடியது என்றும், கதைகளைப் பொறுத்தவரை குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும் கண்டது. ஆகவே திரையில் கதை படிக்கும் பிள்ளையைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. தேர்வுப் பாடத்தைத் தாளில் படிக்கச் சொல்வதில் பொருளுண்டு.

மொழிதான் இதனினும் பெரிய சிக்கல். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயிலும் மாணவர், மலாய்வழியில் கற்பிக்கும் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றபின் தமிழை ஒரு பாடமாக மட்டுமே காண்கிறார். முன்பு அந்த இடைவெளியை வீட்டுக்கு வந்த ஞாயிறு பதிப்பு ஓரளவு நிரப்பியது. அதன் இடத்திற்கு வந்திருக்கும் அல்காரிதம், அதாவது ஒருவர் முன்பு பார்த்ததை வைத்து அடுத்துக் காட்ட வேண்டியதைத் தீர்மானிக்கும் கணக்கீட்டு முறை, அவர் தமிழில் ஒன்றும் தேடாதபோது தமிழைக் காட்டுவது அரிது. பத்திரிகை ஆசிரியரோ வாசகர் கேளாததையும் பக்கத்தில் வைத்தார்.

எனவே இன்றைய குறைபாடு திரையினால் வந்ததென்பதைவிட, தேர்ந்தெடுத்துத் தரும் ஆசிரியர் இல்லாமையால் வந்ததென்பதே பொருந்தும். இணைய இதழ் நடத்துவோரும் இடைநிலைப் பள்ளிகளின் தமிழாசிரியர்களும் கைகோத்து, மாணவர் எழுத்தைத் திருத்தி வெளியிடும் ஒரு கதை வகுப்பை மீண்டும் தொடங்க வேண்டும்.