முதல் வாசல் – 9: துண்டு எழுதியாயிற்று, ஆள் போய்ச் சேர்ந்தாரா?

இந்த வாரம் சுகவனிதையர் கிளினிக்கைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குப் போகிறது. இடையில் ஒரு பழைய ஆய்வு கையில் கிடைத்தது. அதை வாசித்த பிறகு வேறெதையும் எழுத மனம் வரவில்லை.

 

அந்த ஆய்வு நம் நாட்டில், இலங்கையில் நடந்தது. 1984ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியானது. சமன் வர்ணகுலசூரிய என்ற பல் மருத்துவ ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் எழுதியது. பின்னாளில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராகி, வாய்ப் புற்றுநோய் ஆய்வில் உலகமே அறிந்த பெயரானவர் அவர். அன்று அவர்கள் கேட்டது மிக எளிமையான ஒரு கேள்வி. கிராமத்தில் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்தால், அவர்களால் வாய்ப் புற்றுநோயையும் அதற்கு முந்திய மாற்றங்களையும் கண்டுபிடிக்க முடியுமா?

34 பணியாளர்கள். ஒரு வருடம். 28,295 பேரின் வாயைப் பார்த்தார்கள். சந்தேகத்துக்குரிய மாற்றம் இருந்த 1,220 பேரை நிபுணரிடம் அனுப்பினார்கள். நிபுணர்கள் திரும்பப் பார்த்தபோது, பணியாளர்கள் கண்டது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. டாக்டர் பட்டம் இல்லை, ஸ்கேன் இல்லை, இரத்தப் பரிசோதனை இல்லை. கண்ணும் வெளிச்சமும் கற்றுக்கொண்ட ஒழுங்கும் மட்டுமே இருந்தன. நாற்பது வருடங்களுக்கு முன்பே நம் நாடு இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியிருக்கிறது என்பதை எண்ணி நான் பெருமைப்பட்டேன்.

அடுத்த வரியை வாசித்தபோது அந்தப் பெருமை வலியாக மாறியது. அனுப்பப்பட்ட 1,220 பேரில், நிபுணரிடம் போய்ச் சேர்ந்தவர்கள் பாதிக்குச் சற்றுக் கூடுதலானவர்கள்தான். மற்றவர்கள் வரவேயில்லை. அவர்களுடைய வாயில் ஏதோ இருக்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்துவிட்டார், போகச் சொல்லித் துண்டும் கொடுத்துவிட்டார். அதன் பிறகும் அவர்கள் போகவில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சங்கதியா என்று தேடினேன். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வொன்று இருக்கிறது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாய்களைப் பரிசோதித்தார்கள். ஆர். சங்கரநாராயணனும் குழுவினரும் 2005இல் வெளியிட்ட முடிவு உலகமெங்கும் பேசப்பட்டது. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே, வாய்ப் புற்றுநோயால் வந்த மரணங்கள் 34 சதவீதம் குறைந்திருந்தன. வெறும் கண்ணால் பார்த்ததில் அத்தனை உயிர் மிஞ்சியது. ஆனால் அங்கேயும் அதே கதைதான். சந்தேகத்துக்குரிய மாற்றம் இருப்பதாகச் சொல்லி அனுப்பப்பட்ட சுமார் 5,100 பேரில், போய்ச் சேர்ந்தவர்கள் பத்துக்கு ஆறு பேரளவு.

வேறு நாடு, வேறு காலம், வேறு குழு. இடைவெளி மட்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது பற்றிப் பேசும்போது நாம் கருவியையும் நிபுணரையும் கட்டடத்தையும் பற்றியே பேசுகிறோம். உயிர் போகும் இடம் அந்தத் துண்டுக்கும் வைத்தியசாலை வாசலுக்கும் நடுவில் கிடக்கிறது.

இது நம் கல்முனைக் கரைக்கு ஏன் முக்கியம்? இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் நிற்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை வெற்றிலை இல்லாத கல்யாண வீடு இருந்ததில்லை. ஆண்கள் மட்டுமல்ல, வயது போன உம்மாமாரும் வெற்றிலை வட்டாவும் பாக்குவெட்டியுமாகத்தான் பின்னேரங்களைக் கழித்திருக்கிறார்கள். 1344இல் இலங்கைக் கரையில் இறங்கிய இப்னு பதூதா, இந்திய மக்கள் வெற்றிலைக்குக் கொடுக்கும் மரியாதையைத் தன் பயண நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பொன்னையும் வெள்ளியையும் விட வெற்றிலை கொடுப்பதையே பெரிய கௌரவமாக நினைக்கிறார்கள் என்று வியந்திருக்கிறார். அத்தனை பழைய மரியாதையை ஒரே நாளில் யாராலும் கழற்றி வைக்க முடியாது. அதனால்தான் வாயைப் பார்ப்பது நமக்கு இன்னும் அவசரம்.

புகையிலை சேர்க்காவிட்டால் பயமில்லை என்று நம்பும் வீடுகள் ஏராளம். அந்த நம்பிக்கை தவறு. புகையிலை சேர்த்த வெற்றிலையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இல் அறிவித்தது. 2003இல் கூடிய அதன் நிபுணர் குழு, புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டையும் பாக்கையும் அதே பட்டியலில் சேர்த்தது. இலங்கையில் 2016 செப்டம்பரில் மெல்லும் புகையிலைப் பொருட்களின் உற்பத்திக்கும் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை வந்தது. பாக்கு அந்தத் தடைக்கு வெளியே நிற்கிறது.

பாக்கு தனியாகவே ஒரு நோயைக் கொண்டுவரும். கன்னத்தின் உட்தோல் மெல்ல வெளிறி, நார்போல் இறுகும். முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு வாய் முழுதாகத் திறக்காது. 1952இல் கிழக்கு ஆபிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு முதலில் எழுதியவர் ஷ்வார்ட்ஸ் என்பவர். கடல் தாண்டிப் போனவர்கள் பாக்கையும் கொண்டுபோயிருந்தார்கள், நோயும் கூடவே போயிருந்தது. சாப்பாட்டில் காரத்தைத் தாங்க முடியாமல் உறைப்பைக் குறைக்கச் சொல்லும் மூத்தவர் ஒருவர் வீட்டில் இருந்தால், அது வயதின் குணம் என்று விட்டுவிடாதீர்கள். அவருடைய வாயைத் திறந்து பாருங்கள்.

எதைப் பார்ப்பது? உதட்டின் உட்பக்கம், இரண்டு கன்னங்களின் உட்பக்கம், முரசு, நாக்கின் இரு ஓரங்கள், நாக்கின் அடி, அண்ணம். சுரண்டினாலும் போகாத வெண்படலம். வெல்வெட் போன்ற சிவந்த படலம், இது வெண்படலத்தை விட ஆபத்தானது. இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண். காரணமில்லாத கட்டி அல்லது தடிப்பு. இவற்றில் எதுவும் பெரும்பாலும் ஆரம்பத்தில் நோவாது. நோவு வரும்வரை காத்திருப்பவர் கெட்ட செய்திக்காகத்தான் காத்திருக்கிறார். இவை எல்லாமே புற்றுநோயுமல்ல. பலருக்குப் பழக்கத்தை விடுவதும் தொடர்ந்து கவனிப்பதுமே போதும். எது எது என்று பிரித்துச் சொல்ல ஒரு நிபுணரின் கண் வேண்டும். துண்டு கொடுப்பது அதற்காகத்தான்.

நிந்தவூர்ப் பக்கம் ஒரு மாமியிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தார். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, அவற்றோடு நாலாக மடித்த ஒரு துண்டு. பல மாதங்களுக்கு முன்பு எழுதிக் கொடுத்தது. கன்னத்தில் வெண்படலம், நிபுணரிடம் காட்டவும் என்றிருந்தது.

“ஏன் மாமி போகல்ல?”

“நோவில்ல தம்பி. நோவுமில்லாம ஆஸ்பத்திரிக்குப் போய் என்னத்தச் சொல்ற? மகனும் கடலுக்குப் போயிட்டான், ஆரு கூட்டிப் போற?”

அவர் துண்டைத் தொலைக்கவில்லை. அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அசட்டை செய்பவர் ஒரு துண்டை இப்படி மடித்து வைப்பாரா? அவருக்குப் பயம் இருந்தது, கூட வர ஆள் இல்லை, அவ்வளவுதான். அரசாங்க வைத்தியசாலையில் பரிசோதனை இலவசம். ஓட்டோக் காசும் கூட வருபவரின் ஒருநாள் கூலியும் இலவசமல்ல. அதற்கு மேல் வேறு பயங்களும் இருக்கின்றன. சதைத்துண்டு வெட்டியெடுத்தால் நோய் பரவிவிடும் என்ற பேச்சு ஊருக்கு ஊர் உண்டு. பரிசோதனைக்காக எடுக்கும் அந்தச் சிறு துண்டால் வாய்ப் புற்றுநோய் பரவுவதில்லை. நாள் கடத்துவதுதான் அதைப் பரவ விடுகிறது. பேர் வெளியே வந்தால் மகளின் கலியாணப் பேச்சு குழம்பும் என்ற பயமும் இருக்கிறது. இதை எவரும் சத்தமாகச் சொல்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

இங்கிலாந்தில் இந்த இடைவெளியை எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? குடும்ப வைத்தியர் சந்தேகப்பட்டு அனுப்பிய நாளிலிருந்து 28 நாட்களுக்குள், புற்றுநோயா இல்லையா என்று நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது அங்குள்ள அளவுகோல். அங்கேயும் எல்லா நேரமும் அது நிறைவேறுவதில்லை. ஆனாலும் கடிகாரம் அங்கே வைத்தியசாலையின் தலைக்கு மேல் ஓடுகிறது. நம்மிடம் அது நோயாளியின் தலைக்கு மேல் ஓடுகிறது.

நம்மால் முடியாததா இது? முடியும் என்பதற்குச் சாட்சி நம் நாடே. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்த ஏற்பாட்டில் இன்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குடும்ப நல உத்தியோகத்தர் இருக்கிறார், நம் வீடுகளில் ‘மிட்வைஃப் மிஸ்’ என்று அழைக்கப்படுபவர். கர்ப்பிணித் தாய் கிளினிக்குக்கு வராவிட்டால் அவர் வீடு தேடி வருகிறார். பிரசவத்தில் தாயை இழப்பது இந்த நாட்டில் அரிதானதற்கு அந்தத் தேடி வருதல் ஒரு பெரிய காரணம். துண்டு கொடுக்கப்பட்டவர் போகாவிட்டாலும் அதே போல ஒருவர் வாசலில் வந்து நிற்க வேண்டும். கேட்பது புதிய கட்டடமல்ல. ஒரு கொப்பியில் பெயர், தொலைபேசி இலக்கம், அனுப்பிய திகதி, போன திகதி. கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் ஒரு அழைப்பு. அதற்கும் பதிலில்லையென்றால் ஒரு நடை.

நம் கரைக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. இலங்கையில் மாவட்டங்கள் 25. பிராந்திய சுகாதார நிர்வாகங்களோ 26. அந்த இருபத்தாறாவது நிர்வாகம் கல்முனை. அம்பாறை மாவட்டத்துக்குள்ளேயே தனிப் பணிப்பாளரும் தனிப் பணிமனையுமாக இருக்கிறது. தன் கரையின் கொப்பியைத் தானே தொடங்க, கொழும்பின் உத்தரவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத அளவுக்குக் கையடக்கமான நிர்வாகம் இது. 2011 முதல் நாடெங்கும் திறக்கப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்களுக்கு இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்கிறார்கள். அங்கே போகும்போது வாயையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இன்னொரு வசதி நம் குடும்ப அமைப்பு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது இந்தக் கரையின் வழக்கம். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி, தாய்வழிக் குடிமுறை பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். உம்மாவும் மகள்மாரும் அடுத்தடுத்த வளவுகளில் இருக்கிறார்கள். ஒருத்தி போனால் மற்றவளைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாய்வழியை நன்றாக நினைவு வைத்திருக்கும் நாம், வைத்தியர் குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் வந்ததா என்று கேட்டால் உம்மாவின் பக்கத்தை மட்டுமே சொல்லிவிடுகிறோம். மார்பகப் புற்றுநோய்க்கான பரம்பரை வாப்பாவின் பக்கத்திலிருந்தும் வரும். வாப்பாவின் ராத்தாவுக்கு வந்ததையும் சொல்லுங்கள்.

பெண்களின் கர்ப்பப்பை வாயையும் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்கை அடுத்த வாரம் உறுதியாக எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் தாதியர் இந்த இடைவெளியை ஒரே சந்திப்பில் மூடிக் காட்டினார்கள். கர்ப்பப்பை வாயைப் பரிசோதித்து, தேவையானவர்களுக்கு அதே இடத்தில் அப்போதே சிகிச்சையும் கொடுத்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன. அங்கிருந்து தொடங்குவோம்.

அதற்குள் இரண்டு காரியம் செய்யுங்கள். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட உட்காருமுன், வெற்றிலை போடும் மூத்தவர்களை முற்றத்து வெளிச்சத்தில் உட்கார வைத்து வாயைப் பாருங்கள். பிறகு வீட்டில் அடையாள அட்டையும் கிளினிக் கொப்பியும் இருக்கும் பையைத் திறந்து, போகாமல் விட்ட துண்டு ஏதும் கிடக்கிறதா என்று தேடுங்கள். கிடந்தால் திகதி கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு, அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு நாளைக்கே போங்கள்.