ஜிபிஎஸ் கருவி வாங்குமுன்: கேட்கும் கருவி எது, பேசும் கருவி எது?

காட்டுக்கும் மலைக்கும் கிளம்புகிறவர்கள் பலரிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கையில் ஜிபிஎஸ் கருவி இருந்தால் போதும், வழி தவறினாலும் எங்கே இருக்கிறோம் என்று யாராவது பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். இந்த நம்பிக்கை உயிருக்கே உலை வைக்கக்கூடியது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, நேரத்தையும் தங்கள் இடத்தையும் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. கையில் உள்ள கருவி அந்த அறிவிப்பைக் கேட்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குரல் கிடைத்துவிட்டால், எந்தக் குரல் எவ்வளவு தாமதமாக வந்தது என்று கணக்குப் போட்டு நம் இடத்தைச் சொல்கிறது. அத்தோடு அதன் வேலை முடிந்தது. அது வானத்துக்கு எதையும் அனுப்புவதில்லை. பள்ளத்தில் கால் முறிந்து கிடப்பவருக்குத் தன் அட்சரேகை, தீர்க்கரேகை துல்லியமாகத் தெரியும். கீழே வனச்சரக அலுவலகத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது.

பேசவும் தெரிந்த கருவிகள் தனி வகை. கார்மின் நிறுவனத்தின் இன்ரீச் வரிசை அதில் பெயர்பெற்றது. ஸோலியோ, ஸ்பாட் போன்றவையும் உண்டு. செல்போன் கோபுரமே இல்லாத இடத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும். ஆபத்து என்றால் எஸ்ஓஎஸ் பொத்தானை அழுத்தலாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மலையேறுகிறவர்கள் பையில் இது சாதாரணமாக இருக்கும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் இதை வைத்திருப்பதே குற்றம்.

இதைப் பலர் அறியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். காரணம், வெளித்தோற்றத்தில் இரண்டு வகையும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கார்மின் ஜிபிஎஸ்மேப் 67 என்பது கேட்கும் கருவி. அதோடு ‘ஐ’ என்ற ஓர் எழுத்து சேர்ந்து ஜிபிஎஸ்மேப் 67ஐ ஆகிவிட்டால் இன்ரீச் உள்ளே இருக்கிறது என்று பொருள். 66ஐ, 86ஐ, மொன்டானா 700ஐ எல்லாம் அதே வகை. கைக்கடிகாரத்துக்கும் இந்த வசதி வந்துவிட்டது. 2025-இல் வெளியான பீனிக்ஸ் 8 ப்ரோ அப்படிப்பட்டது. பெட்டியில் இரிடியம், சாட்டிலைட் மெசேஜிங், எஸ்ஓஎஸ் என்ற சொற்கள் ஏதாவது இருந்தால், அது வேறு சட்டத்துக்குள் வருகிற பொருள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தின் வேர் பழையது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும் 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் உரிமமின்றி இத்தகைய கருவிகளை வைத்திருப்பதைத் தடுத்தன. 2008 மும்பைத் தாக்குதலில் பயங்கரவாதிகள் சாட்டிலைட் போன் பயன்படுத்திய பிறகு பிடி இறுகியது. துராயா, இரிடியம் ஆகிய செயற்கைக்கோள் வலையமைப்புகளின் கருவிகளுக்கு இங்கே இடமில்லை. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியோடு இன்மார்சாட் வகை போன்களை மட்டும், அதுவும் உரிய நடைமுறைப்படி, பயன்படுத்தலாம். இப்போது 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்து வருகிறது. அனுமதி வேண்டும் என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

விமான நிலையத்தில்தான் பெரும்பாலும் சிக்கல் வெடிக்கிறது. 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில், இன்ரீச் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணி பிடிபட்டு வழக்கைச் சந்தித்தார். ஊர் திரும்பும்போது, உள்நாட்டு விமானத்தில் ஏறும்போது, பை எக்ஸ்ரேயில் போகையில் கேள்வி எழும். 2025 தொடக்கத்தில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், இந்தத் தடையைப் பயணிகளுக்குச் சொல்லும்படி விமான நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு ஊருக்கு வரும் நம் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கொடைக்கானல் போகலாம் என்று ஆசையோடு பையில் போட்டுவந்த கருவி, சென்னை விமான நிலையத்திலேயே அவர்களை உட்கார வைத்துவிடும். சந்தாவை நிறுத்திவிட்டேன், அணைத்து வைத்திருக்கிறேன் என்பதெல்லாம் காரணமாகாது. கருவியைக் கையில் வைத்திருப்பதே கேள்விக்குரியது.

தெரியாமல் கொண்டுவந்துவிட்டால்? தரை இறங்கியதும், அறிவிக்க எதுவுமில்லை என்பவர்களுக்கான பச்சைப் பாதையில் நழுவப் பார்க்காதீர்கள். சிவப்புப் பாதைக்குப் போய்ச் சுங்க அதிகாரியிடம் எழுத்தில் அறிவியுங்கள். 1962 சுங்கச் சட்டத்தின் 80-ஆவது பிரிவில் ஒரு வழி இருக்கிறது: உண்மையாக அறிவிக்கப்பட்ட, தடைசெய்யப்பட்ட பொருளைச் சுங்கத்துறை தன் காவலில் வைத்துக்கொண்டு, பயணி நாட்டை விட்டுப் போகும்போது திருப்பித் தரலாம். இது அதிகாரியின் முடிவைப் பொறுத்தது. ஆனாலும் கேட்க உங்களுக்கு வழி உண்டு. ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

கைது வரை போய்விட்டால் அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு துணை நிற்கிறது. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால், தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். ஓசிஐ அட்டை வைத்திருப்பவரும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டுக் குடிமகன்தான். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆக, இந்தியக் காட்டுக்கு வாங்க வேண்டியது கேட்கும் கருவி மட்டுமே. அதில் எதைத் தேர்வது?

முதலில் ஒரு நேர்மையான கேள்வி: தனிக் கருவி உண்மையிலேயே தேவையா? செல்போனில் உள்ள ஜிபிஎஸ், செல்போன் கோபுரத்தை நம்பி ஓடுவதில்லை. ஏரோபிளேன் மோடில் போட்டாலும் இடத்தைக் காட்டும். முதல் முறை பிடிக்கச் சில நிமிடம் கூடுதலாக ஆகலாம். ஓஎஸ்எம்அண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொண்டால், ஒருநாள் நடைக்கு அதுவே போதும். கையில் இருக்கும் போனுக்கு ஒரு பவர் பேங்க் வாங்குவது, பல ஆயிரம் கொடுத்துத் தனிக் கருவி வாங்குவதைவிட நல்ல செலவு என்பேன். பல நாள் நடை, தொடர்மழை, வனக்கணக்கெடுப்பு, கள ஆய்வு என்று போகிறவர்களுக்குத்தான் தனிக் கருவியின் அருமை தெரியும். நனைந்த விரலுக்குப் போன் திரை ஒத்துழைக்காது. பொத்தான் வைத்த கருவி ஒத்துழைக்கும்.

பேட்டரியை நான் முதலில் பார்ப்பேன். டபுள் ஏ பேட்டரி போடும் கருவி என்றால் மலையடிவாரப் பெட்டிக்கடையிலும் மாற்று கிடைக்கும். ஆனால் அங்கே கிடைக்கிற மலிவு செல் விரைவில் தீரும். ஆல்கலைன் அல்லது ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரியை ஊரிலிருந்தே கொண்டுபோக வேண்டும். எந்த வகை பேட்டரி என்று மெனுவில் மாற்றிவைக்காவிட்டால், மீதி எவ்வளவு என்று கருவி காட்டும் அளவு பொய்யாகிவிடும். கார்மின் இட்ரெக்ஸ் 22எக்ஸ் இரண்டு டபுள் ஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது. இட்ரெக்ஸ் எஸ்இ அதைவிடப் பல மடங்கு ஓடும். ஆனால் அதன் திரையில் வரைபடம் வராது. இதைக் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார்.

இட்ரெக்ஸ் 22எக்ஸுக்கும் 32எக்ஸுக்கும் உள்ள வேறுபாட்டையும் கவனியுங்கள். 32எக்ஸில் மின்னணுத் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் உண்டு, 22எக்ஸில் இல்லை. திசைகாட்டி இல்லாத கருவி, நடக்கும்போதுதான் திசையை அறியும். பாதை பிரியும் இடத்தில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் என்று பார்த்தால், அம்புக்குறி மனம்போன போக்கில் திரும்பும். சில அடி நடந்த பிறகே அதை நம்பலாம். மறைத்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் எண்களைக் கொண்டு தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டை விளையாடுகிறவர்கள் கடைசிப் பத்து மீட்டரில் நின்று நின்று தேடுவார்கள். அவர்களுக்கு 32எக்ஸ் வகையே நல்லது. சோலைக்காட்டின் அடர்ந்த கூரைக்குக் கீழும், இருபுறமும் பாறைச் சுவர் உயர்ந்த பள்ளத்தாக்கிலும் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வந்து ஏமாற்றும். பல அலைவரிசை பிடிக்கும் ஜிபிஎஸ்மேப் 65எஸ், 67 போன்றவை அங்கே தடுமாறுவது குறைவு. நம் நாட்டின் நாவிக் செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் பிடிக்கும் என்றால் மகிழ்ச்சி. அதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

கருவி நன்றாக இருந்தும் ஆளைக் கவிழ்ப்பது எண்களைப் படிக்கும் முறை. 10 டிகிரி 30 நிமிடம் என்பது தசமத்தில் 10.5 டிகிரி. அதை ஒருவர் போனில் 10.30 என்று சொல்ல, மறுமுனையில் இருப்பவர் தசமமாக எழுதிக்கொண்டால் 0.2 டிகிரி பிசகும். ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர் என்பதால், தேடுபவர்கள் 22 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பார்கள். புறப்படுமுன் குழுவில் எல்லோர் கருவியிலும் போனிலும் ஒரே வடிவத்தை வையுங்கள். அவசர உதவி எண்ணான 112-க்குப் பேசும்போது டிகிரி, நிமிடம், புள்ளி என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி, எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத் தாள்கள் எவரெஸ்ட் அளவுமுறையில் வரையப்பட்டவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற அளவுமுறை. இரண்டையும் கலந்தால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். பாறை விளிம்பில் நூறு மீட்டர் சின்ன அளவில்லை.

பேசாத கருவியோடு போகிறவருக்கு ஊரில் ஓர் ஆள் பேச வேண்டும். எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டிலும் வனச்சரக அலுவலகத்திலும் கொடுங்கள். சொன்ன வழியை மாற்றாதீர்கள்.

வனத்துறை அனுமதி பற்றித் தயக்கமில்லாமல் சொல்ல வேண்டும். திரையில் ஒற்றையடிப் பாதை தெரிகிறது என்பதாலேயே அதில் போக உரிமை வந்துவிடாது. அந்தப் பாதை காப்புக்காட்டுக்குள் இருக்கலாம். சரணாலயம் என்றால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகே தமிழகத்தில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் இறுகின. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் முறைப்படி திறக்கப்பட்டன, வழிகாட்டியும் வருவார். தீக்காலத்தில் பாதைகள் மூடப்படும். அதை மீறிச் சொந்த வரைபடத்தை நம்பிப் போகிறவரை, எந்த விலையுயர்ந்த கருவியும் நெருப்பிலிருந்து காப்பாற்றாது.

மேலே சொன்ன ஜியோகேச்சிங் விளையாட்டுக்கும் அனுமதி பற்றிய எச்சரிக்கை உண்டு. அது பிறந்த கதை சுவையானது. 2000 மே மாதத் தொடக்கத்தில், ஜிபிஎஸ் துல்லியத்தை வேண்டுமென்றே மழுக்கிவைத்திருந்த முறையை அமெரிக்க அரசு கைவிட்டது. அதைச் சோதிக்க, மே 3 அன்று ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை மறைத்து வைத்து, இருக்கும் இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். இன்று உலகம் முழுக்க மறைத்து வைத்த டப்பாக்களைத் தேடுகிறார்கள். இங்கே ஒரே எச்சரிக்கை: யாரும் பார்க்காத நேரத்தில் பொது இடத்தில் டப்பாவைச் சொருகுகிற ஆளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில் ஒரு டப்பாவை வெடிகுண்டு என்று நினைத்து வல்லுநர்கள் தகர்த்தார்கள். ரயில் நிலையம், பாலம், அணை, ராணுவப் பகுதி, கோயில் வளாகம் பக்கம் வைக்கவே வேண்டாம். இடத்துக்குரியவரிடம் அனுமதி வாங்குங்கள். டப்பாவே இல்லாமல் பாறையையும் நில அமைப்பையும் பார்த்துப் பதில் சொல்லும் ‘எர்த்கேச்’ வகை நம் ஊருக்கு எவ்வளவோ பொருத்தம்.

இனி பணம் கொடுக்கிற இடம். இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, உற்பத்தி நாடு, அதிகபட்ச சில்லறை விலை அச்சாகியிருக்க வேண்டும். அந்த ஒட்டுத்தாள் இல்லாமல் விலை குறைவாக வந்தால், இந்திய வாரண்டி கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்க வேண்டும் என்று பொருள். மழையில் செத்துப்போன கருவியை ‘தண்ணீர் புகுந்துவிட்டது, வாரண்டி இல்லை’ என்று திருப்பினால், அந்த வரியையே ஆதாரமாக வைத்து வாதாடலாம். பில், பெட்டி, விற்பனைப் பக்கத்தின் திரைப்பதிவு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். இணைய வணிகத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. குறை தோன்றிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

கடைக்காரர் சாதாரண ஜிபிஎஸ் என்று சொல்லி இன்ரீச் உள்ள கருவியை விற்றிருந்தால், அதை இயக்கிப் பார்க்காதீர்கள். வேறொருவருக்கு விற்கவும் செய்யாதீர்கள். உரிமம் தேவைப்படும் வானொலிக் கருவிகளை இணையத்தில் சட்டவிரோதமாகப் பட்டியலிடுவதைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. வாங்கிய பில்லையும் விற்பனைப் பக்கத்தின் படத்தையும் இணைத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு விற்றவருக்கு எழுத்தில் கடிதம் அனுப்புங்கள். அதன் நகலை 1915 புகாரோடு சேருங்கள்.