26 ஆண்டு உறங்கிய கருந்துளை விழித்தது!

2015-ம் ஆண்டு ஜூன் மாதம் 15-ந் தேதி.

பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த "ஸ்விப்ட்" என்ற செயற்கைக் கோள், சிக்னஸ் என்னும் நட்சத்திரக் கூட்டத்தில் இருந்து திடீரென்று எக்ஸ்ரே கதிர்கள் பாய்ந்து வருவதைக் கண்டுபிடித்தது.

செய்தி உலகெங்கும் பறந்தது. விஞ்ஞானிகள் தங்கள் டெலஸ்கோப்புகளை அந்தப் பக்கம் திருப்பினார்கள். 1989-ம் ஆண்டில் பொங்கி அடங்கிய "வி-404 சிக்னி" மீண்டும் பொங்கிவிட்டது! இதைத் தவறவிட்டால், அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

அது என்ன?

அங்கே இருப்பது ஒரு ஜோடி. ஒன்று, சூரியனைவிட எடை குறைந்த நட்சத்திரம். மற்றொன்று கருந்துளை. அதன் எடை சூரியனைப்போல் சுமார் 9 மடங்கு! இரண்டும் ஆறரை நாளுக்கு ஒரு முறை ஒன்றை ஒன்று சுற்றி வருகின்றன.

கருந்துளைக்குள் போன வெளிச்சம்கூடத் திரும்பி வராது. அப்படியானால் எக்ஸ்ரே எப்படி வந்தது?

பொங்குவது ஏன்?

கருந்துளை, பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை இழுக்கிறது. அந்த வாயு உடனே உள்ளே விழுவது இல்லை. நீர்ச்சுழல்போல, வட்டத்தட்டாகச் சுற்றுகிறது. ஏரியில் தண்ணீர் சேருவதுபோல, பல ஆண்டுகள் அங்கேயே சேருகிறது.

சேரச்சேரச் சூடு ஏறுகிறது. சூடு சுமார் 10 ஆயிரம் டிகிரியை எட்டியதும் வாயுவின் தன்மை மாறிவிடுகிறது. அப்புறம் கரை உடைந்த வெள்ளம்தான்! வாயு வேகமாக உள்நோக்கிப் பாய்கிறது. கருந்துளையின் வாசல் அருகே அது பல லட்சம் டிகிரி கொதிக்கிறது. அங்கிருந்துதான் எக்ஸ்ரே கிளம்புகிறது.

பூமியின் காற்று மண்டலம் இந்த எக்ஸ்ரேயைத் தடுத்துவிடும். அதனால்தான் அதைப் பார்க்கச் செயற்கைக் கோள் தேவைப்படுகிறது.

கண்ணுக்கும் தெரிந்தது!

ஆனால் இந்த முறை ஓர் அதிசயம் நடந்தது. எக்ஸ்ரே மட்டும் அல்ல. சாதாரண வெளிச்சமும் மின்னி மின்னி மறைந்தது. 8 அங்குல டெலஸ்கோப் இருந்தாலே அதைப் பார்க்கலாம் என்று ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2016-ல் அறிவித்தார்கள். பொழுதுபோக்காக வானத்தைப் பார்ப்பவர்களும் கணக்கெடுத்து உதவினார்கள்.

சுமார் இரண்டு வாரத்தில் ஆட்டம் அடங்கியது. டிசம்பரில் மறுபடியும் ஒரு முறை பொங்கியது.

நம் பூமிக்கு ஆபத்து உண்டா? இல்லை. அது இருப்பது சுமார் 7,800 ஒளி ஆண்டு தூரத்தில். அதாவது, 2015-ல் உலகம் பார்த்த அந்த வெளிச்சம், அங்கிருந்து புறப்பட்டு 7,800 ஆண்டு ஆகிறது!