பேருருவின் எல்லை

யானையைக் கண்டு வியவாதார் இலர். ஆயினும், அதனினும் பன்மடங்கு பெரிய உயிர் ஒன்று கடலில் வாழ்கின்றது. நீலத் திமிங்கிலம் ஏறத்தாழ 30 மீட்டர் நீளமும் 150 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையதாய் வளர்வதுண்டு. இத்துணைப் பெரிய விலங்கு நிலத்தில் வாழாமைக்குக் காரணம் யாது?

இவ்வினாவிற்கு விடை காணும் வழியை இத்தாலிய அறிஞர் கலிலியோ, 1638ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் காட்டினார். ஒரு விலங்கின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் இரு மடங்காயின், அதன் எடை எட்டு மடங்காகும். அவ்வெடையைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்கே ஆகும். ஆகவே, எலும்பின் ஒவ்வொரு பகுதியும் முன்னையினும் இரு மடங்கு சுமையைத் தாங்க வேண்டியதாகின்றது. இதனாலேயே மானின் கால்கள் மெலிந்திருக்க, யானையின் கால்கள் தூண்களைப்போல் பருத்துள்ளன. திமிங்கிலத்தின் பாரத்தைக் கடல்நீர் தாங்குகின்றது. கரையில் ஒதுங்கிய பெருந்திமிங்கிலமோ தன் உடற்பாரத்தாலேயே அழுந்தி, மூச்சுவிட இயலாது இடருறும்.

மனிதரும் இவ்விதிக்கு விலக்கல்லர். மூளையின் அடியில் பட்டாணியளவே உள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பி, வளர்ச்சிக்குரிய இயக்குநீரைச் சுரக்கின்றது. இளமையில் அந்நீர் மிகுதியாகச் சுரப்பின், உடல் அளவு கடந்து வளரும். அமெரிக்க நாட்டின் ஆல்டன் நகரில் 1918இல் பிறந்த இராபர்ட் வாட்லோ என்பாருக்கு இந்நிலை நேர்ந்தது. பிறந்தபொழுது ஏனைக் குழந்தைகளைப் போன்றே இருந்த அவர், எட்டாம் வயதிலேயே தந்தையின் உயரத்தைக் கடந்தார். இறுதியில் அவர் உயரம் 272 சென்டிமீட்டர். எடை 199 கிலோகிராம். அப்பாரத்தைத் தாங்கமாட்டாத கால்களில் உலோகச் சட்டங்களைப் பூட்டி, கைத்தடி ஊன்றியே அவர் நடந்தார். அவர்தம் பாதங்களில் உணர்ச்சியும் குன்றியிருந்தது. 1940ஆம் ஆண்டு சூலைத் திங்களில், சட்டம் உராய்ந்து கணுக்காலில் ஒரு புண் உண்டாயிற்று. சிறியதாகத் தோன்றிய அப்புண் நச்சுற்றுப் பெருகியது. அதனால் அவர் தம் 22ஆம் வயதிலேயே உயிர் நீத்தார்.

வேடிக்கை பார்க்கத் திரண்ட கூட்டத்தினரிடமும் பணிவுடன் பழகிய அப்பெருமகனாரின் உயரத்திற்கு ஒத்த வெண்கலச் சிலை ஆல்டன் நகரில் நிற்கின்றது. இக்காலத்தில் அறுவை மருத்துவத்தாலும் மருந்துகளாலும் அச்சுரப்பின் மிகையை அடக்க இயலும். பேருருவம் படைத்தோரைக் கண்டு வியப்போர், அவ்வுருவைச் சுமக்க அவர் படும் பாட்டையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.