மூணு வயசு வரை காத்திருக்கலாமா?

"அவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" - பேச்சு வராத குழந்தை உள்ள வீடுகளில் பாட்டிமார் சொல்லும் சமாதானம் இது. பக்கத்து வீட்டு ஒன்றரை வயதுப் பையனுக்கும் இதையே சொன்னார்கள். குக்கர் விசிலுக்குக்கூட அவன் திரும்ப மாட்டான்!

அங்கன்வாடிக்கு வந்த டாக்டரம்மாதான், அரசு ஆஸ்பத்திரியில் உள்ள மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு எழுதிக் கொடுத்தார். தூங்க வைத்தே காதைப் பரிசோதித்தார்கள். இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை. இப்போது காது மெஷினும் பேச்சுப் பயிற்சியும், பைசா செலவில்லாமல். மெஷினில் பலன் இல்லாவிட்டால் ஆபரேஷன். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் இலவசம், ஆனால் 6 வயதுக்குள் செய்ய வேண்டுமாம். பாட்டி சொன்ன கணக்கில் பாதி நாள் போயிருக்கும்!

2013 முதல் உள்ள திட்டம் இது. கழுத்து நிற்காத, உட்காராத குழந்தைகளுக்கும் அங்கே பயிற்சி உண்டு. டாக்டர் குழு அங்கன்வாடிக்கு வருஷத்தில் 2 முறை வரும்; தேதியை டீச்சரிடம் கேட்டு வையுங்கள்.

- வாசகி, தஞ்சாவூர்.